உருக்கும் போரனும்

நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தினூடே சென்று, பின்னர் செங்குத்தான சரிவிலே பதிக்கப்பட்ட உருக்குக் குழாய்களில் இறங்கி, கீழே லக்சபான மின்வலு நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகின்றது. மலைநாட்டு நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பகுதிகளில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சிகளுள் இதுவும் ஒன்று. தேயிலை மலைக்கு ஏறுகின்ற பெண்கள் கூடையோடு கடந்து செல்லும் பாதைக்கு அப்பால், மௌனமாகக் கிடக்கின்றது அந்தக் குழாய். அதனுள்ளே ஓடுவது சாதாரண நீர். ஆயினும் அந்நீர் குழாயின் சுவரை எத்துணை வேகத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதை வெளியே நிற்பவர் உணர்வதில்லை.

இலங்கையில் நீர்மின்சாரத்தின் தந்தை என்று போற்றப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள் 1918 ஆம் ஆண்டிலேயே இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று கட்டுரை படித்தார். 1924 இல் வேலை தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளில் நின்றுபோயிற்று. லக்சபானவின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது 1950 ஆம் ஆண்டில்தான். விமலசுரேந்திர அவர்கள் மறைந்தது 1953 இல். தாம் கண்ட கனவு நனவானதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. அந்த மின்சாரம் கொழும்பு நகரத்தின் வீதிகளுக்கு ஒளி தந்த பின்னரும், அது பிறந்த மலைகளின் பல லயன் அறைகளிலே பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அதுவும் இக்கதையின் ஒரு பகுதியே. எனினும் இன்றைய பேச்சின் பொருள் அதுவன்று; அக்குழாயின் உருக்கு, அவ்வுருக்கை இணைக்கும் இணைப்பு, அவ்விணைப்பின் உள்ளே மிகச் சிறிய அளவில் நின்று பெரிய காரியம் செய்யும் போரன் என்னும் மூலகம், இவையே இன்றைய பொருள்.

நீரின் ஆழம் பத்து மீற்றர் கூடுந்தோறும் அதன் அமுக்கம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடும். லக்சபான நிலையத்துக்கு நீர் இறங்கும் உயரம் நானூறு மீற்றருக்கு மேற்பட்டது. அப்படியாயின் அடிவாரத்தில் குழாயின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் நாற்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை தள்ளும். நெல் மூட்டை ஒன்றின் பாரம் கட்டைவிரல் நகத்தின் அளவான இடத்தில் ஏறி அமர்ந்திருப்பது போன்றது அது.

இந்த விசையைத் தாங்கக் குழாயின் சுவர் எத்துணைத் தடிப்பாக இருத்தல் வேண்டும்? இரண்டு மீற்றர் விட்டமுள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். சதுர சென்ரிமீற்றருக்கு 1,500 கிலோகிராம் இழுவையைப் பாதுகாப்பாகத் தாங்கவல்ல சாதாரண உருக்காயின், கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவர் இரண்டே முக்கால் சென்ரிமீற்றர் அளவு தடித்திருக்க வேண்டும். அதைப்போல் இருமடங்கு வலிய உருக்காயின் அதிற் பாதி போதும். பாதித் தடிப்பு என்றால் பாதி நிறை. மாட்டு வண்டி ஏறாத சரிவுகளிலே குழாய்த் துண்டுகளை ஏற்றி இறக்கும் பொறியியலாளருக்கு இது சிறிய இலாபமன்று. மெல்லிய தகட்டை இணைப்பதும் எளிது. ஆகவேதான் உலகெங்கும் மலைச்சரிவுகளில் இறங்கும் குழாய்களுக்கு வலிமை மிக்க உருக்கை நாடினர். ஐக்கிய அமெரிக்காவிலே 1950களின் முற்பகுதியில் ‘டி-1’ என்ற பெயரில் அத்தகைய உருக்கு ஒன்று சந்தைக்கு வந்தது. சூடாக்கி, நீரிலே சடுதியாகக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்ட உருக்கு அது. அதன் கலவையில் மிகச் சிறிதளவு போரனும் இருந்தது. யப்பானியரும் பின்னர் இவ்வகை உருக்குகளைத் தம் நாட்டு நீர்மின் நிலையங்களிற் பெரிதும் கையாண்டனர்.

குழாய் ஒரே துண்டாகப் பிறப்பதில்லை. தகடுகளை வளைத்துத் துண்டுகளாக்கி, துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தே குழாயாக்குவர். இந்த இணைத்தலைப் பாடநூல்கள் காய்ச்சி இணைத்தல் என்று கூறும். பட்டறையில் அது வெல்டிங். எத்துணை நல்ல உருக்காயினும் அதன் வலிமை அதன் இணைப்பின் வலிமையே. இதை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாள் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்திலே, கிளேசோன்-டிக்சன்ஸ் என்னும் நீர்மின் திட்டத்தில் நீர் 1,883 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கியது. உலகிலேயே மிகப் பெரிய இறக்கங்களுள் ஒன்று அது. அதன் குழாய் மிகு வலிமை உருக்கினால் ஆனது. 2000 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12 ஆம் நாள் இரவு அக்குழாய் வெடித்தது. பிளவு ஏறத்தாழ ஒன்பது மீற்றர் நீளம். மலையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்த வெள்ளம் வீடுகளையும் வயல்களையும் அழித்தது, மூவர் உயிரிழந்தனர். குழாயைச் சூழ்ந்திருந்த பாறையின் வலிமைக் குறைவும் ஆராயப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்நிலையம் மீண்டும் இயங்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன. இதைக் கூறுவது போரன்மீது பழி சுமத்துவதற்காகவன்று. மலைச்சரிவில் கிடக்கும் குழாயொன்று பிளந்தால், கீழே உறங்குவோருக்கு என்ன நேரும் என்பதை எடுத்துக்காட்டுவதற்கே. தோட்டத்து லயன்கள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இனிப் போரனுக்கு வருவோம். பெயர் அந்நியமாகத் தோன்றலாம்; பொருள் அந்நியமன்று. தட்டார் பொன்னை ஒட்டும்போது தூவும் வெங்காரம் போரன் சேர்ந்த பொருளே. பொன்னின் மேலுள்ள அழுக்கைக் கரைத்து ஒட்டு நன்கு ஓட உதவுவது அது. மாலை வேளைகளில் கரம் பலகையின்மீது தூவும் வெண்ணிறப் பொடி பெரும்பாலும் போரிக்கமிலம்; அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1808 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டேவியும் பிரான்சில் கே-லூசாக், தெனார் இருவரும் போரனைத் தனியே பிரித்தெடுத்தனர். இன்று உலகின் போரன் கனிமங்களிற் பெரும்பகுதி துருக்கி நாட்டிற் கிடக்கின்றது. பயிர்களுக்கும் இது வேண்டும். 1923 இல் கதரின் வாரிங்டன் என்னும் அம்மையார், இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், போரன் இன்றி அவரைச் செடி வாழாது என்று காட்டினார். தேயிலைக்கு இலைவழி தெளிக்கப்படும் நாகச் சல்பேற்றை அறிந்த மலைநாட்டு மக்களுக்கு, சிறிய அளவிலே தரும் ஒரு பொருள் பெரிய பயன் தருவது வியப்பாகாது.

உருக்கிலே போரன் சேரும் அளவு அதனினும் சிறியது. ஓர் உருக்கு உலையில் ஆயிரம் கிலோகிராம் உருக்கு இருந்தால், அதில் வேண்டப்படும் போரன் பத்து முதல் முப்பது கிராம். நடுவே இருபது கிராம் என்று கொண்டால், அது தேக்கரண்டியால் இரண்டு கரண்டிக்கு மேல் வராது. ஒரு தொன் உருக்கின் குணத்தை இரண்டு தேக்கரண்டிப் பொருள் மாற்றுகின்றது என்பதை முதன்முதற் கேட்டவர்கள் நம்பத் தயங்கியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல், குரோமியம், மொலிப்தனம் ஆகியன கிடைப்பது அரிதாயிற்று. விலை மிகுந்த அவ்வுலோகங்களுக்கு ஈடாகச் சிறிதளவு போரன் போதும் என்ற செய்தி அப்போதுதான் ஆலைகளிற் பெரும் மதிப்புப் பெற்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய, உருக்கை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தல் வேண்டும். வெறுங் கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தோன்றும் உருக்கு, உண்மையில் எண்ணற்ற சிறு மணிகளின் கூட்டம். தொள்ளாயிரம் பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய உருக்கில் அம்மணிகள் ஒசுட்டெனைற்று என்னும் நிலையில் இருக்கும். குளிரும்போது அந்நிலை நிலைக்காது. வேறொன்றாக மாறியே தீரும். மெல்லக் குளிர்ந்தால் பெரைற்று என்னும் மென்மையான வடிவம் வரும். விரைந்து குளிர்ந்தால் மாட்டென்சைற்று என்னும் கடினமான ஊசி வடிவம் வரும். இரண்டுக்கும் இடையே பெயினைற்று என்று ஒன்றுண்டு. வலிமை வேண்டுவோர் விரும்புவது பின்னிரண்டையுமே. மென்மையான பெரைற்று இடையிலே முளைத்துவிட்டால் வலிமை கெடும்.

அந்தப் பெரைற்று எங்கே முளைக்கின்றது? மணியும் மணியும் சந்திக்கும் எல்லையிலே. தேயிலை மலையிற் புல் எடுப்பவர்களைக் கேட்டால், களை முதலில் தலைகாட்டுவது கான் ஓரங்களிலே என்று கூறுவார்கள். செடியின் அடர்த்தி குறைந்த இடம், மண் கலைந்த இடம், விதை விழுந்து வேர்விட இடம் இருக்கும் இடம் அது. மணி எல்லையும் அத்தகையதே. அணுக்களின் ஒழுங்கு அங்கே குலைந்திருக்கும். புதிய வடிவம் முளைக்க அது வசதியான இடம்.

போரன் அணு மிகச் சிறியது. ஆயினும் இரும்பு அணுக்களின் இடைவெளிகளில் வசதியாக அடங்கும் அளவுக்குச் சிறியதன்று. இரும்பணு ஒன்றின் இடத்தைப் பற்றி நிற்கும் அளவுக்குப் பெரியதுமன்று. எனவே ஒழுங்கான மணியின் நடுவே அதற்கு வசதியான இருக்கை இல்லை. அது எல்லையை நாடிச் செல்லும். அங்கே சென்று அமர்ந்தவுடன், களை முளைக்கும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது போலாகிறது. பெரைற்று முளைக்கத் தாமதமாகின்றது. அந்தத் தாமதத்துக்குள் உருக்கு மேலும் குளிர்ந்து, வேண்டிய கடின வடிவத்துக்கு மாறிவிடுகின்றது. இருபது கிராம் போரன் ஒரு தொன் முழுவதும் பரவி நிற்க வேண்டியதில்லை. எல்லைகளில் நின்றாலே போதும். இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய காரியம் செய்வதன் இரகசியம் இதுவே. காபன் குறைந்த உருக்கிலேதான் இப்பயன் நன்கு தெரியும். காபன் ஏறஏற அது தேய்ந்து, நூற்றுக்கு 0.8 அளவுக்கு அண்மையில் ஏறக்குறைய இல்லாமலே போகும்.

ஆனால் போரனுக்குப் பகைவர் உண்டு. உருக்கில் எப்போதும் சிறிது நைதரசன் கலந்திருக்கும். அது போரனைக் கண்டால் விடாது; பற்றிப் பிடித்துப் போரன் நைத்திரைட்டாக்கி விடும். அவ்வாறு பிடிபட்ட போரன் எல்லைக் காவலுக்கு உதவாது. ஒட்சிசனும் அத்தகையதே. ஆகவே உருக்கு வார்ப்பவர், முதலில் அலுமினியம் இட்டு ஒட்சிசனை நீக்குவர். பின்னர் தைத்தேனியம் சிறிது இட்டு நைதரசனை அதனோடு கட்டிவிடுவர். இறுதியிலேயே போரனைச் சேர்ப்பர். வரிசை தவறினால் போரன் முழுவதும் வீணாகும். ஆய்வுகூடத்தில் உருக்கைச் சோதித்தால் போரன் உண்டு என்றே சான்றிதழ் வரும். ஆனால் வேலை செய்யும் போரன் அங்கே இராது.

அளவு மிஞ்சினால் வேறு துன்பம். எல்லையிலே கூட்டம் கூடிய போரன், இரும்போடும் காபனோடும் சேர்ந்து தனிக் கடினத் துணுக்குகளாகப் படியும். அத்துணுக்குகளே பெரைற்று முளைக்க இடமாகும். தடுக்க வந்ததே அழைத்து வந்தது போலாகும். எல்லை நெடுகப் படிந்த துணுக்குகள் உருக்கை உடையக்கூடியதாகவும் ஆக்கும்.

ஆலையிலே இவ்வளவு கவனமாகச் செய்த ஏற்பாடு, இணைப்பவரின் கைச்சுடரின் முன்னே என்னாகின்றது? இங்கேதான் கதை சிக்கலாகின்றது. காய்ச்சி இணைக்கும்போது உருகும் பகுதி 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் காணும். உருகாமல், ஆனால் உருகும் எல்லைக்கு அண்மையில் நின்ற தகட்டின் விளிம்பு 1,300 பாகைக்கு மேல் ஏறும். ஆலையிற் பதப்படுத்திய பதமெல்லாம் அங்கே அழிந்துவிடும். மணிகள் வீங்கிப் பருக்கும். தைத்தேனியம் கட்டிவைத்த நைதரசனில் ஒரு பகுதி அவ்வெப்பத்தில் கட்டவிழ்ந்து, மீண்டும் போரனைத் தேடிப் போகும். சில நொடிகளில் எல்லாம் குளிர்ந்துவிடும். தகட்டின் மற்றைய பகுதி குளிர்ந்த நீரைப்போல் வெப்பத்தை உறிஞ்சுவதால், அக்குளிர்ச்சி மிக விரைவானது. 800 பாகையிலிருந்து 500 பாகைக்கு இறங்கும் அந்தச் சிறு பொழுதிலேயே அவ்விளிம்பின் தலைவிதி எழுதப்படுகின்றது.

விளிம்பிற் போரன் விடுபட்டு நின்றால் பெரைற்று தடுக்கப்பட்டு, அவ்விடம் மாட்டென்சைற்றாகக் கடினமாகும். வலிமை கூடுவது நல்லதுதானே என்று கேட்கலாம். கடினமான பொருள் நெகிழாது. நெகிழாத பொருள் விரிசல் கொள்ளும். பட்டறை அனுபவமுள்ளவர்கள் இதை நன்கு அறிவர். இணைப்பு நடுவே உறுதியாக நிற்க, அதன் ஓரத்தில், தகட்டிலே, மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருக்கும். இணைத்தவரைக் குறைகூறுவார்கள். அவர் செய்த இணைப்போ முழுமையாக நிற்கின்றது.

உருகிய பகுதியின் கதை இதற்கு மாறானது. அங்கே போரன் உண்மையிலே நண்பனாகலாம். உருகிக் குளிரும் இணைப்பில் வெளியிலிருந்து வரும் ஒட்சிசன், தைத்தேனியத்தோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாக மணிகளின் நடுவே சிதறி நிற்கும். குளிரும்போது அத்துகள்களைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற நுண்ணிய பெரைற்று எல்லாத் திசைகளிலும் முளைக்கும். எல்லையிலிருந்து முளைக்கும் பருத்த பெரைற்றைப் போரன் தடுத்துவிடுவதால், உள்ளிருந்து முளைக்கும் இந்த ஊசிப் பெரைற்றுக்கு இடம் கிடைக்கும். நுணுக்குக்காட்டியில் அது கொழுந்துக் கூடையின் பின்னல் போலத் தோன்றும். ஒரு பிரம்பு அறுந்தாலும் கூடை கிழிவதில்லையே. அதைப்போல், அப்பின்னலினூடே விரிசல் ஓட முயன்றால் ஒவ்வோர் ஊசியிலும் முட்டித் திரும்ப வேண்டும். குளிர்காலத்துக் கடலிலே நிற்கும் எண்ணெய் மேடைகளுக்குத் தைத்தேனியமும் போரனும் சேர்ந்த வெல்டிங் குச்சிகளை உருவாக்கியவர்கள் இந்தப் பின்னலைத்தான் தேடினார்கள். இதிலும் அளவே எல்லாம். போரன் மிகுந்தால், இணைப்பு உறையும் கடைசி நொடியிலே, எளிதில் உருகும் போரன் கலவை மணிகளின் நடுவே திரவமாகவே தங்கி, சூட்டோடு சூடாக விரிசல் விழும்.

மலைநாட்டுக்கே உரிய இடர் ஒன்று இங்கே நுழைகின்றது. அது மழை. வட்டவளையிலும் நோட்டன் பிரிட்ஜிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் துணி உலர்வதே அரிது. வெல்டிங் குச்சியின் மேற்பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுடரிலே அந்த ஈரம் பிரிந்து ஐதரசனாகும். ஐதரசன் அணு எல்லாவற்றினும் சிறியது. உருகிய உருக்கினுள் அது எளிதிற் கரையும். குளிர்ந்தபின் வெளியேற வழி தேடும். தேடித் தேடிக் கடினமான விளிம்பை வந்தடையும். மாட்டென்சைற்று, ஐதரசன், குளிர்ந்து சுருங்கும் உருக்கின் இழுவிசை ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடினால் விரிசல் விழும். அதுவும் உடனே அன்று. சில மணி நேரம் கழித்து, சில வேளைகளில் இரண்டு நாள் கழித்து. மாலையில் இணைத்து, பார்த்து, நன்று என்று கையொப்பமிட்டுச் சென்ற இணைப்பு, காலையில் யாரும் தொடாமலே விரிந்திருக்கும். பழைய காலத்துப் பெரியோர் இதைக் கண்டால் கண்ணேறு என்றிருப்பார்கள்.

மருந்து எளியதே, பொறுமைதான் அரியது. குச்சிகளை ஏறத்தாழ 350 பாகை வெப்பத்தில் அடுப்பிலே ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்த்தி, சூடாறாமல் கொண்டுவந்து பயன்படுத்த வேண்டும். தகட்டை முன்னரே நூறு அல்லது நூற்றைம்பது பாகைக்குச் சூடாக்கிக்கொண்டால், குளிர்ச்சி மெதுவாகும். ஐதரசன் வெளியேறவும் நேரம் கிடைக்கும். ஆயினும் எத்துணை சூடாக்க வேண்டும்?

இதற்குக் கணக்கு உண்டு. உருக்கிலுள்ள ஒவ்வொரு மூலகமும் விரிசலுக்கு எவ்வளவு துணைபோகின்றது என்பதைக் காபனோடு ஒப்பிட்டுக் கூட்டுவர். உலகெங்கும் பெரிதும் வழங்கும் பழைய சூத்திரத்தில் மங்கனீசு, குரோமியம், நிக்கல் எல்லாம் உண்டு, போரன் இல்லை. 1968 அளவில் யப்பானிய அறிஞர்களாகிய இட்டோ, பெஸ்யோ இருவரும் வகுத்த சூத்திரத்திலேயே போரனுக்கு இடம் கிடைத்தது. மங்கனீசின் அளவை இருபதால் வகுத்துச் சேர்க்கும் அச்சூத்திரம், போரனின் அளவை ஐந்தாற் பெருக்கிச் சேர்க்கின்றது. அதாவது ஒரு தொன் உருக்கிலுள்ள இருபது கிராம் போரன், விரிசலுக்குத் துணைபோவதில் இரண்டு கிலோகிராம் மங்கனீசுக்குச் சமம். பழைய சூத்திரத்தை மட்டும் பார்த்துச் சூடாக்கும் அளவைத் தீர்மானிப்பவர், அந்த இரண்டு கிலோகிராமைக் கணக்கில் விட்டவராகின்றார்.

இது ஏட்டுக் கணக்கு என்று எண்ணிவிடலாகாது. 2010 ஆம் ஆண்டிலே சீன அரசாங்கம் சாதாரண உருக்கு வகைகள் பலவற்றின் ஏற்றுமதிக்குத் தந்துவந்த வரிச் சலுகையை நீக்கியது; கலப்பு உருக்குக்கான சலுகை தொடர்ந்தது. சுங்க விதிகளின்படி, நூற்றுக்கு 0.0008 பங்கு போரன் இருந்தாலே அது கலப்பு உருக்காகும். ஒரு தொன்னுக்கு எட்டுக் கிராம்! ஆலைகள் சாதாரண உருக்கிலே அந்த எட்டுக் கிராமைச் சேர்த்துக் கலப்பு உருக்கென்று ஏற்றுமதி செய்யத் தொடங்கின. வலிமைக்காகவன்று, வரிக்காகப் போரன் சேர்ந்தது. வாங்கியவர்கள் சாதாரண உருக்கு என்றெண்ணி, சாதாரணமாகவே இணைத்தார்கள். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் இத்துறை அறிஞர்கள் எச்சரிக்கை விடுத்தனர். 2015 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் போரன் உருக்குக்கான அச்சலுகை நீக்கப்பட்டது. அதன்பின் ஆலைகள் போரனை விட்டுக் குரோமியத்தை நாடின என்பது வேறு கதை. உருக்குத் தகட்டை வெளிநாட்டிலிருந்தே பெறும் இலங்கை போன்ற ஒரு நாட்டில், தகட்டோடு வரும் சான்றிதழிற் போரன் என்ற வரி உண்டா, உண்டாயின் எவ்வளவு என்று பார்ப்பது வீண் வேலையாகாது. வரி இல்லாதிருப்பது போரன் இல்லை என்பதற்குச் சான்றுமன்று.

தோட்டத்துப் பட்டறைகளுக்கு இச்செய்தி வேறு வழியாகவும் வந்து சேர்கின்றது. வெளிநாடுகளிலே கலப்பைத் தட்டுகள், மண்வெட்டித் தகடுகள், மண் அகழும் இயந்திரங்களின் பற்கள் ஆகியவற்றைப் போரன் உருக்கினாற் செய்வது வழக்கமாகிவிட்டது. தேய்மானம் குறைவு, விலையும் மலிவு. வீதி வெட்ட வந்த இயந்திரத்தின் வாய்த்தகடு உடைந்து, தோட்டத் தொழிற்சாலையின் பட்டறைக்கு வருகின்றது என்று கொள்வோம். நாற்பது ஆண்டுகளாகத் தேயிலை அரைக்கும் உருளைகளையும் அலவாங்குகளையும் பழுதுபார்த்த கை அங்கே உண்டு. அக்கை சாதாரண இரும்பை இணைப்பது போலவே இதையும் இணைக்கும். அடுத்த நாள் ஓரத்திலே விரிசல் தோன்றும். மீண்டும் அதன்மேல் இணைத்தால் விரிசல் இன்னும் அப்பால் நகரும். கையிற் குறைவில்லை, உருக்கு மாறிவிட்டது என்பதை அக்கைக்கு யாரும் சொல்லவில்லை.

மோட்டார் வண்டிகளிலும் இவ்வுருக்கு நுழைந்திருக்கின்றது. இன்றைய வண்டிகள் பலவற்றில் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண், சூட்டோடு அழுத்திச் சடுதியாகக் குளிர்வித்த போரன் உருக்கு. விபத்தின்போது உள்ளிருப்போரைக் காப்பது அதுவே. ஆனால் நசுங்கிய அத்தூணைச் சூடாக்கி நிமிர்த்தி வெல்டிங் செய்தால், இங்கே நிகழ்வது முன்சொன்னதற்கு மாறானது. முழுவதும் மாட்டென்சைற்றாய் இருந்த உருக்கு வெப்பம் பட்ட இடத்தில் மென்மையாகிவிடும். பார்வைக்குத் தூண் முன்போலவே நிற்கும். ரம்பொடைக் கணவாயின் வளைவுகளில் அவ்வண்டி மீண்டும் ஓடும்.

உருக்கு மலைநாட்டுக்கு மேனாட்டார் கொண்டுவந்த புதுப்பொருளுமன்று. மத்திய மலைத்தொகுதியின் தென் சரிவிலே, பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், மலை முகடுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்பு உலைகள் கண்டெடுக்கப்பட்டன. துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த உலைகள் அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கில் யூலெவ் என்னும் தொல்லியல் அறிஞர் அவற்றைப் போலவே உலை அமைத்து, காற்றடிக்கும் காலத்தில் உருக்கிப் பார்த்து, 1996 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்த உருக்குக்கு மேனாட்டார் வழங்கிய பெயரே ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் தென்னாட்டுச் சொற்களிலிருந்து பிறந்ததென்பர் மொழியறிஞர் சிலர். அந்த உருக்கினாலான வாள்களின் அழகிய கோலங்களுக்கு, தாதுவோடு தற்செயலாக வந்த வனேடியம் போன்ற மூலகங்களின் மிகச் சிறிய அளவே காரணம் என்று அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். பழைய கொல்லர் அதை அறிந்திருக்க வழியில்லை. ஓர் ஊர்த் தாதுவில் கோலம் விழும், வேறோர் ஊர்த் தாதுவில் விழாது என்பதை மட்டும் அவர்கள் கண்டிருப்பார்கள். சுரங்கம் மாறியபோது தொழிலும் கை நழுவிப் போயிற்று என்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

மீண்டும் அந்தச் சரிவின் குழாய்க்கு வருவோம். லக்சபானவின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியபோது ‘டி-1’ போன்ற உருக்கு சந்தைக்கு வந்திருக்கவில்லை. அதன் பின்னர் 1965 இல் காசல்ரீ அணை எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரை நீருள் மூழ்கச் செய்து மவுசாகலை எழுந்தது. பொல்பிட்டிய, புதிய லக்சபான நிலையங்கள் வந்தன. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. ஒவ்வொன்றிலும் உருக்கு உண்டு. ஒவ்வோர் உருக்கிலும் இணைப்பு உண்டு. குழாய் முதுமையடையும்போது துண்டு மாற்றுவார்கள், தகடு வைத்து ஒட்டுவார்கள். பழைய உருக்கின் அருகே புதிய உருக்கு வரும். அப்போது இணைப்பவர் முதலிற் கேட்க வேண்டியது, இந்தத் தகடு எந்த இனம் என்பதே.

மிகு வலிமை உருக்கை இணைத்தபின் நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்தே அதைச் சோதிக்க வேண்டும் என்று பொறியியல் விதிகள் கூறுகின்றன. ஒளியால், ஒலியால், காந்தத்தால் என்று சோதனைகள் பல. ஆனால் எல்லாச் சோதனைக்கும் முன்னே அந்த இரண்டு நாள் காத்திருப்பு. ஐதரசன் தன் வேலையைச் செய்வதாயின் அதற்குள் செய்துவிடும். நோட்டன் பிரிட்ஜின் மழையிலே, கூடாரத் துணியின் கீழ், சூடாறிக்கொண்டிருக்கும் இணைப்பின் அருகே வேலையை நிறுத்திவைத்து இரண்டு நாள் இருப்பது மேற்பார்வையாளருக்கு வீண் கூலியாகத் தோன்றலாம். அந்த இரண்டு நாளின் கூலியைக் கணக்கில் எழுத இடம் வைத்தே ஒப்பந்தம் போடப்படுகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.